சேஸுக்கு என்ன பூசலாம்? – பட்டறைக் கேள்வி பதில்

போன இதழில் கதவு மடிப்புத் துருவைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டியின் அடிப்பக்கத்தைப் பற்றியே கேட்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாக் கடிதத்திலும் தெரிகிறது. அதனால் இந்த முறை அடிப்பக்கமும், வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டமான சேஸும் மட்டும்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பா வேலூர் கொணவட்டத்தில் லாரி டிங்கர். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் பதினோரு வருஷம் பெயின்ட் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, இப்போது அப்பாவின் ஷெட்டில் பழைய வண்டிகளுக்குப் பெயின்ட் வேலை செய்கிறேன்.

கேள்வி: அக்கா, அப்பா ஓட்டிய 1994 மாடல் எம்.எம். 540 ஜீப்பை என் விருப்பத்துக்குப் புதுசு பண்ணிக்கொண்டிருக்கிறேன். பாடியைக் கழற்றியாகிவிட்டது. சேஸ் தனியாக ஸ்டாண்டில் நிற்கிறது. முன்பு யாரோ சேஸ் கட்டையின் திறந்த பக்கத்தில் பிளேட் வைத்து வெல்டிங் அடித்து, முன் பாதியைப் பாக்ஸாக்கியிருக்கிறார்கள். பவுடர் கோட்டிங் போடு என்கிறார் ஒருவர். கறுப்பு ரப்பர் கோட்டிங்தான் கெட்டி என்கிறார் இன்னொருவர். ரெட் ஆக்சைடு அடித்து மேலே கறுப்பு எனாமல் போதும் என்கிறார் மாமா. ஜவ்வாது மலை, ஏலகிரி என்று சுற்றப்போகிற வண்டி. பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். எதை எடுப்பது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, சேஸ் இப்படித் தனியாக நிற்பது ஒரு வண்டியின் ஆயுளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேஸுக்கும் ஆக்சில் ஹவுசிங்குக்கும் இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி, வெளிர் சாம்பல் நிறத்தில். பாக்ஸ் அடித்த பகுதியின் உள்ளே, மூடிய இடத்துக்குள் தெளிக்கிற மெழுகான கேவிட்டி வாக்ஸ். பவுடர் கோட்டிங் வேண்டுமென்றால் சின்ன பிராக்கெட்டுகளுக்கு. ரப்பர் கோட்டிங் வீல் ஆர்ச்சுக்கு மட்டும், அதுவும் எபாக்சிக்கு மேலே.

இந்த முடிவுக்கு நான் வந்த கதை பழசு. எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். பேரணாம்பட்டுக்குப் பச்சைத்தோல் ஏற்றுகிற லாரி ஒன்று ஷெட்டுக்கு வந்தது. கெடாமல் இருக்கத் தோலுக்கு உப்புப் போட்டிருப்பார்கள். அந்த உப்புத்தண்ணீர் பலகை இடுக்கில் ஒழுகி நேராகச் சேஸில் இறங்கும். அந்த லாரியின் அடியில் கெட்டியாகத் தார்ப் பூச்சு அடித்திருந்தார்கள். பார்த்தால் புது வண்டி மாதிரி கறுகறுவென்று இருந்தது. அப்பா அடியில் படுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று மாறியது. அங்கே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குத் தார் ஒரு தோசை மாதிரி உரிந்து வந்தது. அதன் பின்பக்கம் முழுக்க ஈரத் துரு. சேஸின் குறுக்குக் கட்டையான கிராஸ் மெம்பருக்குள் அப்பாவின் விரல் நுழைந்தது. மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தும் அந்தத் தாருக்குப் பின்னால் ஈரம் காயவே இல்லை.

ரப்பர் கோட்டிங், தார்க் கோட்டிங் இரண்டிலும் எனக்குள்ள பயம் இதுதான். ஒட்டியிருக்கும் வரை நல்லது. கல் சத்தத்தை அடக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். ஓர் ஓரம் விட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும், வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. தார்க் கலவையாக இருந்தால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இளகிப் புழுதியை வாரிக்கொள்ளும், நாலைந்து வருஷத்தில் வெடிக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் அங்குலக் கணக்கில் பூசுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், அவர்கள் கவலை வேறு. நம் பக்கம் உப்பு தோல் லாரியில்தான் இருக்கிறது.

பவுடர் கோட்டிங் நல்ல பொருள்தான். மின்சாரம் ஏற்றிய பொடியை இரும்பில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வேகவைப்பார்கள். வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் சேஸுக்கு அதில் மூன்று சங்கடம் இருக்கிறது. முதலாவது, பத்துப் பதினோரு அடிச் சேஸ் முழுசாக நுழைகிற அடுப்பு வேண்டும். ஜன்னல் கிரில்லும் நாற்காலியும் வேகவைக்கிற இடத்தில் இது நடக்காது. இரண்டாவது, மின்சாரத்தால் ஒட்டுகிற பொடி உள்மூலைக்குள் போகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். துரு ஆரம்பிக்கிற இடமோ அந்த உள்மூலை. மூன்றாவது, முப்பது வருஷத்து ஆயிலும் கிரீஸும் ரிவெட் இடுக்கிலும் இரட்டைத் தகட்டுக்கு நடுவிலும் ஊறிக் கிடக்கும். அடுப்பில் சூடேறினால் அது கசிந்து வந்து பூச்சில் ஊசிமுனை ஓட்டைகள் போடும். பிறகு மலைப் பாதையில் ஒரு கல் பட்டுச் சின்னதாகப் பெயர்ந்தால், அந்த ஓரத்திலிருந்து தண்ணீர் பூச்சுக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். வீட்டில் பிரஷ் வைத்துச் சரிசெய்ய முடியாது, முழுக்க உரித்து மறுபடி அடுப்புக்குப் போக வேண்டும். பம்பர் பிராக்கெட், பேட்டரி தட்டு மாதிரிக் கழற்றி மாட்டுகிற பொருளுக்குத் தாராளமாகப் போடுங்கள்.

மாமா சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். எத்தனையோ லாரிகள் ரெட் ஆக்சைடில்தான் ஓடின, அப்பா காலம் முழுக்க அதைத்தான் அடித்தார். ஒற்றை டப்பா ரெட் ஆக்சைடு நுண்துளை உள்ள பூச்சு, ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சுரண்டி அடிக்கிற பொறுமை இருந்தால் அதுவே போதும். பாடியை மேலே ஏற்றிய பிறகு அந்தப் பொறுமை யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.

இனி எபாக்சி. அது வெறும் இரும்பில் பிடிக்கிற பிடி வேறு எதற்கும் இல்லை, ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். அதற்கு ஒரு பலவீனம்தான்: வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அதனால்தான் அதற்கு மேலே பாலியூரித்தேன் என்கிற இன்னொரு இரண்டு டப்பாப் பெயின்ட் அடிக்கிறார்கள். வண்டியின் அடியில் வெயில் ஏது? கெட்டியாக நிற்கிற எபாக்சியே அங்கே கடைசிப் பூச்சாக இருக்கலாம். இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. பாலியூரித்தேனின் இரண்டாவது டப்பாவில் ஐசோசயனேட் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடித்த அண்ணன் ஒருவருக்கு மூன்றாவது வருஷம் இளைப்பு வந்தது. அப்புறம் பெயின்ட் வாசனை பட்டாலே நெஞ்சை அடைத்தது. நாற்பது வயசில் வேலையை விட்டார். வெளியிலிருந்து குழாயில் காற்று வருகிற முகமூடி இல்லாமல் வீட்டுக் கொட்டகையில் யாரும் பாலியூரித்தேனை ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. எபாக்சி தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், கையுறை கட்டாயம். ஸ்ப்ரே அடிப்பதானால் அதற்குரிய முகமூடியும் வேண்டும். பிரஷ்ஷிலும் ரோலரிலும் அடிக்கலாம், அடியில் பிரஷ் கோடு தெரிவதில் ஒன்றும் குறைவில்லை.

பூச்சைவிடச் சுத்தம் முக்கியம். முதலில் கெட்டியான அழுக்கைச் சுரண்டி எடுத்து, டீசல் பிரஷ்ஷால் துடைத்து, அப்புறம் அந்த டீசலும் போகிற அளவுக்குச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் விரிந்து ஒரே படலமாக நின்றால் இரும்பு சுத்தம். தாமரை இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் ஆயில் இருக்கிறது. அதன் பிறகுதான் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் கடினமான துகளை அடித்துத் துருவை உரிப்பது. எண்ணெயோடு பிளாஸ்டிங் அடித்தால் எண்ணெயை இரும்புக்குள் அடித்து ஏற்றுகிறோம்.

பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. கார்னெட்டோ காப்பர் ஸ்லாக்கோ போடுகிற இடமாகப் பாருங்கள். எங்கள் கம்பெனிக் கணக்கில் எஸ்.ஏ. இரண்டரை என்போம். துரு, பழைய பெயின்ட் எல்லாம் போய், அங்கங்கே லேசான நிழல் மட்டும் தங்கி, வெள்ளியில் சாம்பல் தூவிய மாதிரி ஒரே நிறமாக நிற்க வேண்டும். குழி விழுந்த இடங்களில் உப்பு ஒளிந்திருக்கும். அங்கே பூச்சுக்குள்ளிருந்தே மறுபடி துரு கிளம்பும். அந்தக் குழிகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கம்ப்ரசர் காற்றில் உடனே உலர்த்தி, மேலோட்டமாகத் துரு பூத்திருந்தால் மறுபடி லேசாக அடித்துவிடுங்கள். இந்தக் கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்புகளைச் சுற்றிய போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. குடிக்கிற கேன் தண்ணீர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிங் முடிந்த அன்றைக்கே முதல் கோட் விழ வேண்டும். ராத்திரி தாண்டினால் காலையில் ஆரஞ்சு நிறம் பூத்திருக்கும். நேரமும் முக்கியம். வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் மத்தியானம் இரும்பைத் தொட முடியாது. அப்போது அடித்தால் பெயின்ட் இரும்பில் பரவும் முன்னே காய்ந்து பொரபொரவென்று நிற்கும். கலந்த டப்பாவும் சீக்கிரம் இறுகிவிடும், பத்து டிகிரி ஏறினால் பாதி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் அடித்தால் பனி ஈரம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேயும், இரும்பின் சூடு பனி படிகிற வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலேயும் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கருவி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது காலை எட்டரை முதல் பதினொன்று வரை. ஸ்ப்ரே அடிப்பவர்கள் கம்ப்ரசர் டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே ஆரம்பியுங்கள்.

இப்போது சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கூரான விளிம்பில் பெயின்ட் நிற்காது. காயும்போது சுருங்கி இரண்டு பக்கமும் விலகிவிடும். நகத்தின் நுனியை வைத்துச் சேஸ் கட்டையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், வெட்டுக்கத்தி மாதிரி இருந்தால் கிரைண்டரால் லேசாக உருட்டிவிடுங்கள். அப்புறம் முழுசாக அடிக்கும் முன்னால் ஓரம், வெல்டிங், ரிவெட் தலை, போல்ட் ஓட்டை இவற்றுக்கு மட்டும் இரண்டு அங்குல பிரஷ்ஷால் ஒரு கோட் குத்திக் குத்தி அடியுங்கள். அதன் மேல் முழுக்கோட் இரண்டு. காய்ந்த பிறகு மொத்தம் 150 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும், தலைமுடி இரண்டை அடுக்கிய கனம். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடலாம் என்பது டப்பாவில் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பாக்ஸ் அடித்த பகுதிக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் எனக்குப் பெரிய கவலை அதுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீரில் இறங்கிய ஜீப் ஒன்று ஆறு மாதம் கழித்து ஷெட்டுக்கு வந்தது. வெளியே நல்ல பெயின்ட். பாக்ஸின் கீழ் மூலையில் ஓட்டை போட்டதும் முதலில் ஒரு துளி வந்தது, கம்பியை விட்டுக் குடைந்ததும் இரண்டு சொம்பு வண்டல் கொட்டியது. அத்தனை மாதம் ஈர மண்ணைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறது. வெல்டிங் அடித்தபோதே உள்பக்கப் பெயின்ட் வெந்து போயிருக்கும், அங்கே இருப்பது வெறும் இரும்பு. எனவே ஒவ்வொரு பாக்ஸின் தாழ்ந்த மூலையிலும் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடாமல், பக்கவாட்டுத் தகட்டில் சின்னதாக ஒன்று போடுவது போதும். பிளாஸ்டிங் மண் உள்ளே தங்காமல் காற்றடித்து எடுத்துவிட்டு, எபாக்சி எல்லாம் காய்ந்து முடிந்த பிறகு, சுற்றிலும் தெளிக்கிற நீளக் குழாய் போட்டுக் கேவிட்டி வாக்ஸை உள்ளே விடுங்கள். வடிகால் ஓட்டையில் சொட்டும் வரை விட வேண்டும். மறுநாள் அந்த ஓட்டையைக் கம்பியால் திறந்துவிடுங்கள்.

கால்வனைசிங் செய்யலாமா என்று சிலர் யோசிப்பார்கள். பாக்ஸ் அடித்த சேஸை அப்படியே 450 டிகிரித் துத்தநாகத் தொட்டியில் முக்கக் கூடாது. மூடிய இடத்தில் ஈரம் இருந்தால் வெடிக்கும், சேஸும் முறுக்கிக்கொள்ளலாம்.

பூசக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன்: ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், பிரேக் காற்று எடுக்கிற நிப்பிள், கிரீஸ் நிப்பிள், எர்த் வயர் உட்காருகிற இடம், வீல் உட்காருகிற ஹப்பின் முகம். ஸ்பிரிங் பட்டையை யு போல்ட் இறுக்குகிற இடத்தில் கெட்டிப் பூச்சு இருந்தால் அது நசுங்கி, முறுக்கிய போல்ட் தளர்ந்துவிடும், அங்கே ஒரு மெல்லிய கோட் போதும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் ரப்பர் கோட்டிங் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் கனம் கூடினால் வேகத்தில் வண்டி நடுங்கும்.

கேள்வி: எங்களிடம் பழைய அம்பாசடர் இருக்கிறது. தரையில் தார் அட்டையோடு சேர்ந்து துரு. தாத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றினால் துரு கறுத்து நின்றுவிடும் என்கிறார். உண்மையா? அப்படியே பிளாஸ்டிங்கும் அடித்துவிடலாமா?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: தாத்தாவை என் சார்பில் கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்வதில் சரக்கு இருக்கிறது. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்புதான் டானின். அது துருவோடு சேர்ந்தால் நீலக்கறுப்பாக மாறும். தோல் ஷாப்பில் ஈரத்தோல் மேல் ஓர் ஆணி கிடந்தால் அந்த இடம் கறுத்துப்போகும், தாத்தாவின் கண் அதைப் பார்த்துப் பழகியது. அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேலைதான். கடையில் விற்கிற ரஸ்ட் கன்வெர்ட்டர் பலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது.

ஆனால் வீட்டில் காய்ச்சிய தண்ணீரில் படலமாக நிற்கிற பிசின் கிடையாது. துருவைக் கறுப்பாக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது: சுரண்டி முடித்த தகட்டில் ஒரு துணியால் தடவிப் பாருங்கள், எங்கெல்லாம் துரு மிச்சமிருக்கிறதோ அங்கே கறுக்கும். நான் ஒரு தடவை ஒரு பிடி கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து இப்படித்தான் ஒரு டிக்கி தரையைச் சோதித்தேன், கண்ணுக்குத் தப்பிய நாலு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அப்புறம் கழுவி, உலர்த்தி, மீண்டும் தேய்த்து எபாக்சி அடியுங்கள். செதில் செதிலாக இருக்கிற துருவுக்கு எந்தக் கன்வெர்ட்டரும் வேலை செய்யாது, மேல் தோலை மட்டும் கறுப்பாக்கிவிட்டு நிற்கும்.

அம்பாசடருக்குத் தனியாகச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். ஜீப் கட்டைக்கு அடிக்கிற வேகத்தில் மெல்லிய தகட்டில் பிளாஸ்டிங் அடித்தால் தகடு நெளிந்துவிடும். வயர் கப் போட்ட கிரைண்டர், சுரண்டி, உப்புத்தாள், இவை போதும். தார் அட்டையை மத்தியானம் எடுக்க முயன்றால் மிட்டாய்ப் பாகு மாதிரி இழுக்கும். காலை ஆறு மணிக்கு, குளிர்ந்து இறுகியிருக்கும்போது, உளியைச் சாய்த்துத் தட்டுங்கள், ஓடு மாதிரி பெயரும். கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டிப் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். அது அமுங்கினால் பூச்சுப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் நல்ல டிங்கரைப் பாருங்கள். வண்டியின் பாரத்தைத் தாங்குவதே அந்த இடம்தான்.

கேள்வி: வெளிர் சாம்பல் என்று எப்போதும் சொல்கிறீர்கள். அடிப்பக்கம் என்றால் கறுப்புதானே அழகு?
– வாசகர், ஆற்காடு

பதில்: கறுப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயில் கசிவு, தலைமுடிக் கீறல், துருவின் முதல் பழுப்புப் புள்ளி மூன்றும் கறுப்பில் மறைந்துவிடும். போன வருஷம் நான் சாம்பல் அடித்த ஒரு மாருதி ஜிப்சியின் உரிமையாளர், டயர் கழற்றும்போது பின் ஆக்சிலில் விரல் நீளத்துக்கு ஈரக்கோடு ஒன்றைப் பார்த்திருக்கிறார். பிரேக் பைப் யூனியனில் கசிவு. ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்க இருந்த வண்டி அது. கறுப்பாக இருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்காது. பக்கத்திலிருந்து தெரிகிற வெளி ஓரத்துக்கு மட்டும் கறுப்பு அடித்துக்கொள்ளுங்கள், உள்ளே சாம்பல் இருக்கட்டும்.

கேள்வி: டி.என். 23 பழைய ஜீப். சேஸுக்குப் புதுப் பூச்சு அடித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏதாவது சிக்கல் வருமா?
– வாசகர், சோளிங்கர்

பதில்: அடிப்பக்க நிறம் ஆர்.சி.யில் இல்லை, அதற்கு அனுமதி தேவையில்லை. பாடி நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். சேஸை வெட்டி நீட்டுவது, குறைப்பது, வேறு சேஸ் வைப்பது எல்லாம் வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவையும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் வைத்துப் பார்த்தால், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது.

நீங்கள் பயப்பட வேண்டியது சேஸ் நம்பருக்குத்தான். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது, குத்திய எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். அதன் மேல் பிளாஸ்டிங் அடித்தாலோ கிரைண்டர் ஓடினாலோ எண் மழுங்கிவிடும், பிரேக் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே. வேலையை ஆரம்பிக்கும் முன்னால் நீங்களே ஒரு பென்சில் பிரதி எடுத்து, போட்டோவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எண்ணின் மேல் ஒரு ரப்பர் துண்டை வைத்து டேப்பால் இறுக்கிக் கட்டிவிட்டுப் பிளாஸ்டிங்குக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அந்த இடத்தைக் கையால் சுத்தம் செய்து, மெல்லிய ஒற்றைக் கோட் எபாக்சி, அவ்வளவுதான். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த தடவை துடைத்துவிட்டுப் பிரதி எடுக்கலாம்.

கேள்வி: பெயின்ட் கடையில் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரைச் சிபாரிசு செய்கிறார்கள். நல்லதுதானே?
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: துருவை நன்றாகத் தடுக்கும், அதில் பொய் இல்லை. நான் என் ஷெட்டுக்குள் விடுவதில்லை. அந்த மஞ்சளில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் வரவைப்பது. அடிக்கும்போதைவிட, பத்து வருஷம் கழித்து யாரோ அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூள் இன்னும் மோசம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவுமேடு மழைக்கு மழை மஞ்சள் தண்ணீராக இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நம் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பே எழுத வேண்டியிருந்தது. ஜிங்க் பாஸ்பேட் போட்ட எபாக்சி பிரைமர் கேளுங்கள், கிடைக்கும். பழைய வண்டியில் மஞ்சள் பிரைமர் தென்பட்டால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றைச் சாக்கடையில் விடாமல் தனியாகப் பையில் கட்டிவையுங்கள்.

கேள்வி: புதுக் கார் வாங்கியிருக்கிறோம். ஷோரூமில் அண்டர்பாடி கோட்டிங் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: அவசரம் இல்லை அம்மா. இப்போதைய கார்களின் பாடியைக் கம்பெனியிலேயே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் பிரைமர் ஏற்றி, அடியில் தையல் இடங்களில் பி.வி.சி. பூச்சும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வேலூர், காட்பாடி, சென்னை ரோடு என்று ஓடுகிற வண்டிக்கு அது போதும். கடற்கரை ஊரில் வாசம் என்றால் யோசிக்கலாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். கதவின் அடி ஓரத்திலும் வாசல் படிக்குக் கீழேயும் தண்ணீர் வடிய வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கோட்டிங் அடிக்கிற பையன்கள் அவற்றை அடைத்துவிடுவார்கள். ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பாருங்கள், நுழையாத இடத்தை அங்கேயே நின்று திறக்கச் சொல்லுங்கள்.